மாட்டுக்கு மூலிகைச் சாரம் கொடுக்கலாமா?

தீவனக் கடைகளில் இப்போதெல்லாம் தாது உப்புப் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசை நிற்கிறது. மஞ்சள் சாரம், நெல்லிச் சாரம், முருங்கை, தண்ணீர்விட்டான் கிழங்கு என்று முன்பக்கம் படம் போட்டு, பின்பக்கம் 'ஆன்டிஆக்சிடன்ட்', 'வீக்கம் குறைக்கும்', 'கல்லீரலைக் காக்கும்' என்று எழுதிய டப்பாக்கள். வாங்கலாமா என்று விசாரித்தால் பாதிப் பேர் "இயற்கைதானே, கொடுத்துப் பாருங்க, கெடுதல் ஒண்ணும் இல்ல" என்பார்கள், மீதிப் பேர் "எல்லாம் ஏமாத்து வேலை" என்பார்கள். இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து. சாரத்துக்கு வேலை உண்டு. ஆனால் அந்த வேலை பெரும்பாலும் கன்று போடுவதற்கு முன்னும் பின்னுமான சில வாரங்களுக்குள் அடங்கிவிடுகிறது, அதுவும் அடிப்படைத் தீவனம் ஒழுங்காகக் கிடைக்கும் மாட்டுக்குத்தான் பலன் தெரிகிறது. ஏன் அப்படி என்று அடியிலிருந்து சொல்கிறேன், வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஆக்சிஜன் கதை

மாடு தின்னும் தீவனம் கடைசியில் செல்களுக்குள் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்துதான் சக்தியாகிறது. அப்படி எரியும்போது ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு முழுசாகத் தண்ணீராக மாறாமல், எலக்ட்ரான் கணக்கு சரியில்லாத அரைகுறை வடிவில் வெளியே வரும். சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் ராடிகல் எல்லாம் இந்த வகை. இவை பக்கத்தில் கிடைத்த கொழுப்பிலும் புரதத்திலும் மரபணுவிலும் கை வைத்து அவற்றைக் கெடுத்துவிடும். செல்லின் மேல்சவ்வு கொழுப்பால் ஆனது என்பதால் முதல் அடி பெரும்பாலும் அங்கேதான் விழும்.

உடம்பு இதை அணைக்க ஏற்கெனவே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது, இப்படி அணைப்பவற்றைத்தான் ஆன்டிஆக்சிடன்ட் என்கிறார்கள். சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்று ஒரு நொதி, அதற்குத் தாமிரமும் துத்தநாகமும் மாங்கனீசும் வேண்டும். குளுடாதயோன் பெராக்சிடேஸ் என்று இன்னொன்று, அதற்குச் செலினியம் இல்லாமல் வேலையே நடக்காது. செல்சவ்வுக்குள் உட்கார்ந்து காவல் காப்பது வைட்டமின் ஈ. வைட்டமின் சி மனிதர்களுக்குச் சாப்பாட்டில் வந்தாக வேண்டும், மாடு அதைத் தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்ளும். வாய்வழியாகக் கொடுக்கும் வைட்டமின் சி பெரும்பாலும் முதல் வயிற்றிலேயே அழிந்துபோகும் என்பதால், நெல்லிக்காயில் வைட்டமின் சி நிறைய இருக்கிறது, அதனால் மாட்டுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் அந்தக் காரணம் மட்டும் நிற்காது. நெல்லியில் வேறு சரக்கு இருக்கிறது, அது தனிக் கதை.

உற்பத்தியாகும் கேடும் அதை அணைக்கும் ஏற்பாடும் சமமாக இருக்கும் வரை பிரச்சினை இல்லை. உற்பத்தி மிஞ்சிப்போகும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். கறவை மாட்டில் அது மிஞ்சும் நேரம் எது என்று பார்த்தால், கடும் வெயில் காலம் ஒன்று, மடிநோய் போன்ற தொற்று ஒன்று. எல்லாவற்றையும் விடப் பெரியது கன்று போடும் நேரம்.

அந்த ஆறு வாரம்

கன்று போடுவதற்கு மூன்று வாரம் முன்பும் மூன்று வாரம் பின்பும் சேர்ந்த காலத்தை மாற்றக் காலம் என்பார்கள். இந்த நேரத்தில் மாட்டுக்கு நடப்பது கொஞ்சம் கொடுமைதான். கடைசி நாட்களில் தீனி எடுப்பது வெகுவாகக் குறைகிறது, கன்று வயிற்றை அடைத்துக்கொண்டிருக்கிறது, ஹார்மோன்கள் மாறுகின்றன. கன்று விழுந்த மறுநாளே மடி சீம்பாலும் பாலும் கேட்கிறது. ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 70 கிராம் குளுக்கோஸ் வேண்டும், 20 லிட்டர் கறக்கிற மாட்டுக்கு அது தினமும் சுமார் 1.4 கிலோ ஆகிவிடும். தின்னுகிற தீனியோ அதற்குப் போதாது. அதனால் மாடு தன் உடம்பிலிருக்கும் கொழுப்பைக் கரைத்து எடுக்கிறது.

கரைந்த கொழுப்பு ரத்தத்தில் கொழுப்பமிலமாகக் கல்லீரலுக்குப் போய்ச் சேரும். கல்லீரல் அதை எரிக்க வேண்டும், ஆனால் ஒரே நேரத்தில் அவ்வளவு வந்தால் அதனாலும் முடியாது. ஈர விறகை அடுப்பு நிறையத் திணித்தால் தீயை விடப் புகை அதிகமாக வருமே, அந்த மாதிரி, பாதி எரிந்தும் எரியாமலும் கீட்டோன் என்ற பொருளாக ரத்தத்தில் ஏறுகிறது, எரியாத மிச்சம் கல்லீரலிலேயே கொழுப்பாகப் படிகிறது. எரிக்கும் வேலை கூடக் கூட முன்னே சொன்ன அரைகுறை ஆக்சிஜன் பொருட்களும் கூடுகின்றன. கேட்டை அணைக்க வேண்டிய வைட்டமின் ஈ ரத்தத்தில் எப்போது கீழே இறங்குகிறது தெரியுமா? சரியாக இதே வாரங்களில்தான்.

ரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்ற கீட்டோன் லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டினால் அது வெளியில் தெரியாத கீட்டோசிஸ் என்று கணக்கு. வெளியில் தெரியாது என்பதால்தான் அது தொல்லை. மாடு நிற்கிறது, தின்னுகிறது, கறக்கிறது, ஆனால் கறக்க வேண்டியதை விடக் குறைவாகக் கறக்கிறது, பிறகு பருவத்துக்கு வரத் தாமதமாகிறது. நம் ஊர்ச் சொசைட்டிச் சீட்டிலேயே இதற்கு ஒரு தடயம் உண்டு. கன்று போட்ட இரண்டு மூன்று வாரத்துக்குள் பாலில் கொழுப்பு அளவு திடீரென்று ஏறினால் விலை கூடக் கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டுவிட்டு விடாமல், மாட்டின் இடுப்பெலும்பும் விலாவும் துருத்திக்கொண்டு வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள். அந்தக் கொழுப்பு தீவனத்திலிருந்து வரவில்லை, மாட்டின் முதுகிலிருந்து வருகிறது.

இதற்கு மேல், கன்று போடும்போது கருப்பையிலும் மடியிலும் ஏற்படும் காயம், உள்ளே நுழையும் கிருமி, திடீரென்று அடர்தீவனத்தைக் கூட்டுவதால் முதல் வயிற்றில் ஏறும் புளிப்பு, எல்லாம் சேர்ந்து உடம்பு முழுக்க ஒரு மெல்லிய அழற்சியை, அதாவது டப்பாக்காரர்கள் 'வீக்கம்' என்று எழுதுவதை, கிளப்பிவிடும். செல்லுக்குள் என்எஃப்-கப்பா-பி என்றொரு சுவிட்ச் இருக்கிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தமும் அதைத் தட்டும், கிருமியும் அதைத் தட்டும். தட்டியதும் அழற்சியை ஏற்படுத்தும் சமிக்ஞைப் பொருட்கள் வெளியே போகும், அவற்றைப் பார்த்த கல்லீரல் தன் வழக்கமான வேலையைக் குறைத்துக்கொண்டு ஹாப்டோகுளோபின் போன்ற அவசரகாலப் புரதங்களைத் தயாரிக்கத் தொடங்கும். பாலுக்குப் போக வேண்டிய சக்தியில் ஒரு பங்கு இங்கே செலவாகிவிடுகிறது. அழற்சி அழுத்தத்தைக் கூட்டும், அழுத்தம் அழற்சியைக் கூட்டும், ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு சுற்றும். சாரம் விற்பவர்கள் ஒரே டப்பாவில் இரண்டு பெயரையும் எழுதுவதற்குக் காரணம் இதுதான், அதில் தப்பில்லை.

அழற்சியை முழுசா அடக்கினால்?

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லாமல் நகர முடியாது, ஏனென்றால் 'அழற்சி எதிர்ப்பு' என்றாலே நல்லது என்று மனசில் பதிந்து கிடக்கிறது. அழற்சி இல்லாமல் மாடு பிழைக்காது. மடிக்குள் கிருமி வந்தால் அதைக் கொல்லும் வெள்ளணுக்கள் பயன்படுத்தும் ஆயுதமே அந்த ஹைட்ரஜன் பெராக்சைடும் சூப்பர் ஆக்சைடும்தான். நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து கழன்று விழுவதற்கும் வெள்ளணுக்களின் வேலை வேண்டும். கன்று போடும் நேரத்தை ஒட்டி ஃப்ளூனிக்சின் என்ற வீக்க மருந்தை ஊசியாகப் போட்ட ஆய்வுகளில் நஞ்சுக்கொடி தங்கிப்போகும் மாடுகள் அதிகமாயின.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. கன்று போட்ட முதல் ஏழு நாள் குடிதண்ணீரில் சோடியம் சாலிசிலேட் கலந்து கொடுத்தார்கள். வில்லோ மரப்பட்டையில் இருந்து தொடங்கிய ஆஸ்பிரின் குடும்பத்து மருந்துதான் அது, ஒரு வகையில் இதுவும் தாவரத்தின் வழி வந்த சரக்கு. மூன்றாவது ஈற்றும் அதற்கு மேலும் ஆன மாடுகளில் அந்தக் கறவைப் பருவம் முழுவதும் பால் கணிசமாகக் கூடியது. தலைச்சன் ஈன்ற மாடுகளிலோ கூடவில்லை, குறையும் போக்குதான் தெரிந்தது. ஒரே மருந்து, ஒரே கொட்டகை, பலன் மட்டும் எதிரெதிர். வெறும் ஏழு நாள் அழற்சியைக் குறைத்தால் பத்து மாதப் பாலில் தெரிகிறது என்பது எவ்வளவு முக்கியமோ, எல்லா மாட்டுக்கும் அது பொருந்தாது என்பதும் அவ்வளவு முக்கியம்.

ஆன்டிஆக்சிடன்ட் பக்கமும் இதே கதைதான். நெதர்லாந்தில் பால் வற்றிய சினை மாடுகளுக்குத் தினமும் 3000 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள், 2010இல் முடிவு வந்தது, கன்று போட்ட பிறகு மடிநோய் குறையவில்லை, கூடியது. அந்தக் காலத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு தினமும் 1000 யூனிட் பக்கம்தான். தேவைக்கு மேலே போனால் காவல்காரனே தொல்லையாகிவிடுகிறான்.

செடியில் அப்படி என்ன இருக்கிறது

செடிக்கு ஓட முடியாது. வெயில், பூச்சி, பூஞ்சை எது வந்தாலும் நின்ற இடத்தில் நின்றே சமாளிக்க வேண்டும், அதற்காக ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களைச் செய்து வைத்துக்கொள்கிறது. அவற்றில் ஒரு பெருங்குடும்பம் பாலிஃபீனால். மஞ்சளின் நிறமான குர்குமின், தேயிலையின் கேட்டெச்சின், முருங்கை இலையிலும் வெங்காயத்திலும் உள்ள க்வெர்செடின், திராட்சை விதையின் துவர்ப்பு, நெல்லியிலும் கடுக்காயிலும் நாக்கை இழுக்கிற டானின், எல்லாம் இந்தக் குடும்பத்துக்காரர்கள். ஓமத்தின் தைமால் போன்ற வாசனை எண்ணெய்கள் வேறு வகை, அவை பெரும்பாலும் முதல் வயிற்று நுண்ணுயிர்களின் மீதுதான் வேலை செய்கின்றன. தண்ணீர்விட்டான் கிழங்கில் இருப்பது சபோனின், அதைக் கொடுப்பது பால் சுரப்புக்காக, அதை இந்தக் கணக்கில் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பாலிஃபீனால் எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் பெரும்பாலான விளம்பரங்கள் தடுமாறுகின்றன. சோதனைக் குழாயில் போட்டால் பாலிஃபீனால் நேராகப் போய்க் கெட்ட ஆக்சிஜனுக்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து அடக்கிவிடும், உண்மைதான். அதை அளந்து 'வைட்டமின் ஈயை விட இத்தனை மடங்கு சக்தி' என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் ரத்தத்தில் போய்ச் சேரும் பாலிஃபீனால் அளவு மிக மிகக் குறைவு, வைட்டமின் ஈயோடு போட்டி போட்டு நேரடியாக அணைக்கும் அளவுக்கெல்லாம் அது இருக்காது. மனித உணவுகளுக்கு இப்படி அளந்த பெரிய பட்டியலை வைத்திருந்த அமெரிக்க விவசாயத் துறை, சோதனைக் குழாய் எண்ணுக்கும் உடம்புக்குள் நடப்பதற்கும் சம்பந்தம் காட்ட முடியவில்லை என்று 2012இல் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. ஆக, டப்பாவின் மேல் இந்த எண்ணைப் பார்த்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போகலாம்.

உண்மையான வேலை சுற்றுவழியில் நடக்கிறது. செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்று ஒரு புரதம் உண்டு, அதை இன்னொரு புரதம் வேலை செய்யவிடாமல் பிடித்து வைத்திருக்கும். குர்குமின் போன்றவை வந்து லேசாகச் சீண்டும்போது அந்தப் பிடி தளர்ந்து, விடுபட்ட புரதம் உட்கருவுக்குள் போய் மாட்டின் சொந்தக் காவல் நொதிகளை அதிகமாகத் தயாரிக்கச் சொல்கிறது. கூடவே என்எஃப்-கப்பா-பி சுவிட்சையும் ஓரளவு தணிக்கிறது. சாரம் தானே சண்டை போடுவதில்லை, வீட்டுக்காரரை எழுப்பிவிடுகிறது. எழுந்தவர் கையில் செலினியமும் தாமிரமும் துத்தநாகமும் இல்லாவிட்டால் நொதி எப்படி உருவாகும்? தாது உப்பு போடாத மாட்டுக்கு மூலிகைச் சாரம் வாங்குவது வீண் செலவு என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வழியில் ஒரு பெரிய வயிறு

மனிதருக்கும் கோழிக்கும் செய்த ஆய்வை அப்படியே மாட்டுக்கு எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் முன்னே சொன்ன முதல் வயிறு, அதாவது அசையூண் வயிறு. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் அந்தத் தொட்டியில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன, உள்ளே விழுந்த எதையும் அவை முதலில் உடைத்துப் பார்க்கும். பாலிஃபீனாலில் பெரும்பகுதி அங்கேயே உருமாறிவிடும்.

சில நேரம் எதிர்பாராத திருப்பமும் உண்டு. க்வெர்செடினைத் தனியாகவும், அதே க்வெர்செடின் சர்க்கரையோடு ஒட்டியிருக்கும் ருட்டின் வடிவிலும் மாட்டின் முதல் வயிற்றுக்குள் செலுத்திப் பார்த்த ஜெர்மானிய ஆய்வு 2012இல் வந்தது. ரத்தத்தில் அதிகமாகச் சேர்ந்தது ருட்டின் வழியாக வந்ததுதான். ஒற்றை வயிற்றுப் பிராணிகளில் தனி க்வெர்செடின்தான் முன்னால் நிற்கும், மாட்டில் தலைகீழ். மஞ்சளோடு மிளகு சேர்த்தால் நன்றாக உறிஞ்சப்படும் என்ற பேச்சுக்கும் ஒரு மூலம் உண்டு: பெங்களூரில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் செய்தது, 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது ரத்தத்தில் கிடைத்த அளவு இருபது மடங்கானது. ஆனால் அது மனிதர்களில். மாட்டுக்கும் இருபது மடங்கு என்று விற்பவர் சொன்னால் எந்த மாட்டில் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

இதைச் சமாளிக்கச் சில நிறுவனங்கள் சாரத்தின் மேல் கொழுப்புப் பூச்சு கொடுத்து, முதல் வயிற்றைத் தாண்டிக் குடலில் கரையும்படி செய்கின்றன. விலை கூடும், ஆனால் காரணம் உள்ள விலை.

மாட்டிலேயே செய்து பார்த்தது

இத்தாலியில் 2004இல் வெளியான சோதனையில் கன்று போடுவதற்குப் பத்து நாள் முன்பிருந்து பதினைந்து நாள் பின்பு வரை தினமும் 10 கிராம் சிலிமாரின் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் வளரும் ஒரு முட்செடியின் விதையிலிருந்து எடுக்கும் சாரம் அது, மனிதர்களின் கல்லீரல் மருந்துகளிலும் பார்த்திருப்பீர்கள். பால் கூடியது. ஜெர்மனியில் கீசன் பல்கலைக்கழகத்தில் பச்சைத் தேயிலைச் சாரத்தோடு கொஞ்சம் மஞ்சள் சாரம் கலந்து, கன்று போடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே தினமும் சில கிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கல்லீரலில் படிந்த கொழுப்பு குறைந்தது, பால் கூடியது. அதே குழு திராட்சை விதையும் ரசம் பிழிந்த சக்கையும் சேர்ந்த பொருளைத் தீவனத்தின் உலர் எடையில் 1 சதவீதம் சேர்த்தபோதும் முதல் வாரங்களில் பால் கூடியது, கல்லீரல் அழுத்தத்தில் இருக்கும்போது சுரக்கும் ஒரு ஹார்மோனின் மரபணுச் செயல்பாடு குறைந்தது. பிரான்சில், ஆளி விதை போன்ற எளிதில் கெட்டுப்போகும் கொழுப்பைத் தின்ற மாடுகளுக்கு ரோஸ்மேரி, திராட்சை, ஆரஞ்சு வகை, சாமந்தி வகைச் சாரங்களை வைட்டமின் ஈயோடு சேர்த்துக் கொடுத்தபோது ரத்தக் கொழுப்பு கெடுவது குறைந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், இவற்றில் பலவும் சில பத்து மாடுகளை வைத்துச் செய்தவை. கீசன் சோதனையில் கல்லீரல் கொழுப்பு குறைந்ததே தவிர, அழற்சி சார்ந்த மரபணுக்கள் பலவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது பலன் வந்தது, ஆனால் டப்பாவில் எழுதியிருக்கும் வழியாகத்தான் வந்ததா என்பது தெளிவாகவில்லை. இன்னொன்று, இவை எல்லாமே முழுத் தீவனம் கணக்குப் பார்த்துக் கலந்து போடும் பண்ணைகளில், வைட்டமினும் தாது உப்பும் ஏற்கெனவே கிடைக்கும் மாடுகளில் நடந்தவை.

ஆராய்ச்சி இவ்வளவு வேகமெடுத்ததற்குப் பின்னால் ஒரு சட்டமும் உண்டு. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுசாகத் தடை செய்தது. அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் தாவரச் சாரங்கள் பக்கம் எல்லாரும் திரும்பினார்கள்.

நம்ம ஊர் மஞ்சள்

மஞ்சள் என்றதும் மடிநோய்ப் பற்றுதான் நினைவுக்கு வரும். 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள் தூள், 15 கிராம் சுண்ணாம்பு மூன்றையும் அரைத்தால் செக்கச் செவேல் என்று ஒரு விழுது வரும், அதில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, சுத்தமாகக் கறந்து கழுவிய மடி முழுவதும் ஒரு நாளைக்குப் பல முறை பூசுவார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வழியாகப் பரவி, இன்று தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமே மற்ற மாநிலங்களுக்கும் சொல்லித் தருகிற முறை. அது நோய் வந்த இடத்தில் வெளியே பூசுவது, அங்கே முதல் வயிறு குறுக்கே வருவதில்லை. அதைக் காட்டி 'மஞ்சள்தான் வேலை செய்யுதே, தீவனத்திலும் போடுங்க' என்று சொல்வது வேறு ஒன்றை இதோடு முடிச்சுப் போடுவது.

தீவனத்தில் போடுவதென்றால் கணக்குப் பார்க்க வேண்டும். மஞ்சள் தூளில் குர்குமின் 2 முதல் 5 சதவீதம்தான். 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் போட்டால் ஒன்றரைக் கிராம் குர்குமின் உள்ளே போகும், அதிலும் உறிஞ்சப்படுவது சொற்பம். தூள் வேறு சாரம் வேறு. 95 சதவீதம் குர்குமின் உள்ள சாரம் என்றால், அதே அளவு குர்குமின் கிடைக்க ஒன்றரைக் கிராமுக்குச் சற்று மேலே எடுத்தால் போதும். டப்பாவில் 'மஞ்சள் சாரம்' என்று மட்டும் எழுதி, உள்ளே குர்குமின் எத்தனை சதவீதம் என்று எழுதாமல் விட்டிருந்தால் நீங்கள் தூளுக்குச் சாரத்தின் விலை கொடுக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மாட்டுக்குத்தானே என்று கழிவு மஞ்சள் வாங்கும் பழக்கமும் இருக்கிறது. அது வேண்டாம். மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர லெட் குரோமேட் சேர்க்கும் கலப்படம் தெற்காசியாவில் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது, அந்த ஈயம் மாட்டுக்குள் போனால் பாலிலும் வரும். பூஞ்சை பிடித்த மூலிகை இன்னொரு ஆபத்து. அதிலிருக்கும் அஃப்ளாடாக்சின் பி1, மாட்டின் கல்லீரலில் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்கும். இந்தியாவில் பாலில் எம்1 கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரலைக் காக்க வாங்கிய பொருள் கல்லீரலைக் கெடுக்கும் விஷத்தைக் கொண்டு வந்தால் எப்படி இருக்கும்!

இயற்கை என்ற சொல்லுக்கு மயங்குபவர்களுக்கு உண்ணிச்செடியை ஞாபகப்படுத்த வேண்டும். வேலியோரம் பூத்துக் கிடக்கும், நூறு சதவீதம் இயற்கை, தின்ற மாட்டின் கல்லீரல் கெட்டு வெயிலில் தோல் உரியும். நல்ல தீவனமான சூபாபுல்லிலும் மைமோசின் என்று ஒரு பொருள் இருக்கிறது, அளவு மீறினால் முடி கொட்டும். டானினும் அப்படித்தான், தீவனத்தின் உலர் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டினால் தீனி எடுப்பது குறையும், புரதம் செரிக்காது. பூண்டுச் சாரம் கொடுத்தால் வாசனை பாலில் ஏறும், அதைச் சொசைட்டியில் யாரும் ரசிக்க மாட்டார்கள்.

சரி, வாங்குவதற்கு முன்

உங்கள் மாட்டுக்குப் பசுந்தீவனம் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். வெட்டிய அன்றே போடும் கோ-4 தீவனப்புல், வேலிமசால், அகத்தி போன்றவற்றில் வைட்டமின் ஈயும் பீட்டா கரோட்டினும் தாராளம். வைக்கோலில் இரண்டுமே இல்லை என்றே சொல்லலாம், வெயிலில் காயக் காயப் போய்விடுகின்றன. கோடையில் வைக்கோலும் தவிடும் மட்டும் தின்று சினையாக நிற்கிற மாட்டுக்கு முதலில் வேண்டியது பசுமை, தாது உப்பு, அப்புறம் மருத்துவர் சொன்னால் வைட்டமின் ஈயும் செலினியமும். இந்த இரண்டும் நஞ்சுக்கொடி தங்குவதைக் குறைக்கும் என்பது 1980களிலேயே தெரிந்த விஷயம், தாவரச் சாரங்கள் எதற்கும் இவ்வளவு நீண்ட சாட்சி கிடையாது. செலினியத்தை மட்டும் கண் அளவில் போட்டுவிடாதீர்கள். தீவனத்தின் உலர் எடையில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் போதும், தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே தூரம் குறைவு.

அதேபோல வற்றுக்காலத்தில் மாட்டைக் கொழுக்க விடாதீர்கள். கன்று போடும்போது எவ்வளவு கொழுப்பு முதுகில் இருக்கிறதோ அவ்வளவும் பிறகு கல்லீரலுக்கு வேலை வைக்கும், அந்தக் கட்டத்தில் எந்தச் சாரமும் அதிகம் உதவாது.

இதெல்லாம் சரியாக இருக்கிறது, மாடு 15 அல்லது 20 லிட்டர் கறக்கும் கலப்பினம், போன ஈற்றில் கீட்டோசிஸ் வந்தது, அல்லது பங்குனி சித்திரை வெயிலில் கன்று போடப் போகிறது என்றால் சாரத்தை யோசிக்கலாம். கன்று போடும் நாளுக்கு மூன்று வாரம் முன்பு தொடங்குங்கள். கன்று விழுந்த பிறகு, மாடு சோர்ந்து படுத்த பிறகு தொடங்கினால் அது சிகிச்சை இல்லை, சாரம் எந்த நோய்க்கும் மருந்தாகாது, காய்ச்சலும் மடிவீக்கமும் இருந்தால் மருத்துவரைக் கூப்பிடுவதுதான் வழி. வருஷம் முழுக்கக் கொடுப்பதற்கு ஏற்ற சாட்சி எனக்குத் தெரிந்து வலுவாக இல்லை. மூன்று லிட்டர் கறக்கும் நாட்டு மாட்டுக்கு இந்தச் செலவே தேவையில்லை, அதன் உடம்பு அந்த அளவு நெருக்கடிக்குப் போவதில்லை.

மூலப்பொருளின் சதவீதம், மாட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம், முதல் வயிற்றைத் தாண்டப் பூச்சு உண்டா, மாட்டிலேயே சோதித்ததா, ஈயமும் அஃப்ளாடாக்சினும் பரிசோதித்த சான்று இருக்கிறதா, இவற்றைக் கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கேட்கலாம், நல்ல நிறுவனம் சொல்லும்.

பலனைப் பார்க்கப் பால் அளவை மட்டும் நம்ப வேண்டாம், கன்று போட்ட மாட்டில் பால் எப்படியும் முதல் வாரங்களில் ஏறும், சாரத்தால் ஏறியதா தானாக ஏறியதா என்று பிரிக்க முடியாது. ஏழெட்டு மாடு இருந்தால் பாதிக்குக் கொடுத்துப் பாதிக்குக் கொடுக்காமல் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒன்றிரண்டு மாடுதான் என்றால் அதே மாட்டின் போன ஈற்றோடு ஒப்பிடுங்கள்: நஞ்சுக்கொடி எத்தனை மணி நேரத்தில் விழுந்தது, ஐந்தாம் நாளும் பத்தாம் நாளும் ஒரு சொட்டு ரத்தத்தில் பார்த்த கீட்டோன் எவ்வளவு, எத்தனையாவது நாள் பருவத்துக்கு வந்தது. நோட்டில் இந்த மூன்றிலும் மாற்றம் இல்லையென்றால் அடுத்த ஈற்றுக்கு அந்தக் காசைத் தீவனப்புல் கரணை வாங்கிப் போடலாம்.